உடம்பு சரியில்லாத நாட்களுக்குச் சம்பளம் போகிறதா? இ.எஸ்.ஐ. பணப்பலனைப் பெறும் வழி, படிப்படியாக

2023 அக்டோபர் 3ஆம் தேதி முதல் நவம்பர் 9ஆம் தேதி வரை, மொத்தம் 38 நாட்கள், மஞ்சள் காமாலையால் என்னால் வேலைக்குப் போக முடியவில்லை. கோவையில் பம்ப்செட் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் ஸ்டோர் கிளார்க். மாதச் சம்பளம் 18,200 ரூபாய். அக்டோபர் மாதச் சம்பளச் சீட்டில் ஆறு நாட்களுக்கான தொகை மட்டுமே இருந்தது. மீதி நாட்கள் அனைத்தும் எல்.ஓ.பி. (சம்பளமில்லா விடுப்பு) என்ற கட்டத்துக்குள் போயிருந்தன. அந்த நாட்களுக்கு இ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டத்தில்) பணம் வாங்கலாம் என்பது எனக்குப் பொதுவாகத் தெரியும்; எப்படி வாங்குவது என்பது தெரியாது. அதனால் 15,120 ரூபாய் கிடைத்திருக்க வேண்டிய இடத்தில் 9,660 ரூபாய்தான் கிடைத்தது, அதுவும் தீபாவளி முடிந்து ஐந்து வாரங்களுக்குப் பிறகு. குறைந்து போன 5,460 ரூபாய் என் ஒரு மாத வீட்டு வாடகையை விடச் சற்றுக் கூடுதலான தொகை. எந்தெந்த இடத்தில் அது கைவிட்டுப் போனது என்பதை இப்போது என்னால் நாள் கணக்காகச் சொல்ல முடியும். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருப்பவர்களும், இதுவரை இ.எஸ்.ஐ. பக்கம் போகாதவர்களும் நோய் வருவதற்கு முன்பே இதை ஒரு முறை படித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

1. நீங்கள் இ.எஸ்.ஐ.க்குள் இருக்கிறீர்களா என்று பாருங்கள்

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இ.எஸ்.ஐ.யின் கீழ் வருவார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு இந்த வரம்பு 25,000 ரூபாய். சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. என்ற பெயரில் 0.75 சதவீதம் சந்தாவாகப் பிடிக்கப்பட்டிருக்கும். என் சம்பளத்துக்கு அது 137 ரூபாய். நிறுவனம் தன் பங்காக 3.25 சதவீதம் கட்ட வேண்டும். இந்த வரம்பைப் பார்க்கும்போது ஓவர்டைம் தொகையைச் சேர்க்கக் கூடாது. ஆனால் 2023இல் சந்தா பிடிக்கும்போது ஓவர்டைமும் சேர்ந்தது.

சம்பளத்தில் பிடித்தம் நடக்கிறது என்பதை மட்டும் வைத்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். பிடித்த பணம் உங்கள் பெயரில் கட்டப்பட்டிருக்கிறதா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். பத்து இலக்கக் காப்பீட்டு எண்ணை வைத்து இ.எஸ்.ஐ. இணையதளத்தில் காப்பீட்டாளருக்கான பக்கத்திலோ மத்திய அரசின் உமங் கைபேசிச் செயலியிலோ நுழைந்தால், மாதவாரியாக எத்தனை நாட்களுக்கு எவ்வளவு சம்பளம் காட்டப்பட்டிருக்கிறது என்பது தெரியும். அதைப் படமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெயரின் எழுத்துகள், பிறந்த தேதி, கைபேசி எண், வங்கிக் கணக்கு ஆகியவை ஆதாரில் உள்ளபடியே பதிவாகியிருக்கின்றனவா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள். படுக்கையில் கிடந்துகொண்டு ஓர் எழுத்துப் பிழைக்காக நிறுவனத்துக்கும் அலுவலகத்துக்கும் தொலைபேசியில் பேசுவது மிகவும் கடினம்.

21,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்குபவர்களுக்கு இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி பொருந்தாது. அவர்கள் நிறுவனத்தின் விடுப்பு விதிகளைத்தான் நம்ப வேண்டும். கடை, அலுவலகம் போன்ற இடங்களில் வேலை செய்பவர்களுக்கு 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் ஆண்டுக்கு 12 நாட்கள் வரை சம்பளத்துடன் நோய் விடுப்புக் கொடுக்கிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

சம்பளம் இடையில் உயர்ந்து 21,000ஐத் தாண்டினால் அன்றே வெளியேறிவிட மாட்டீர்கள். அந்த ஆறு மாதச் சந்தாக் காலம் முடியும் வரை பிடித்தம் தொடரும். அதற்குரிய பலன் காலமும் உங்களுக்கு உண்டு (இந்த இரண்டு காலங்களையும் அடுத்த பகுதியில் விளக்கியிருக்கிறேன்). பதவி உயர்வு கிடைத்த பிறகு நோய் வந்தவர்கள் பலர், இனி இ.எஸ்.ஐ. நமக்கு இல்லை என்று நினைத்து விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறார்கள்.

2. எந்த ஆறு மாதச் சந்தா கணக்கில் வரும் என்று பாருங்கள்

இங்கே எல்லாரும் குழம்புவார்கள், நானும் குழம்பினேன். நோய் வந்த மாதத்தில் நீங்கள் கட்டும் சந்தாவைப் பார்த்துப் பணம் கொடுப்பதில்லை. முன்பு கட்டிய ஆறு மாதச் சந்தாவைப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள்.

ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை கட்டிய சந்தாவுக்கு அடுத்த ஆண்டு ஜனவரி 1 முதல் ஜூன் 30 வரை பலன் கிடைக்கும். அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை கட்டிய சந்தாவுக்கு அதை அடுத்து வரும் ஜூலை 1 முதல் டிசம்பர் 31 வரை பலன் கிடைக்கும். நான் 2023 அக்டோபரில் படுத்ததால், 2022 அக்டோபர் முதல் 2023 மார்ச் வரையிலான என் சந்தாவைத்தான் பார்த்தார்கள். அந்த ஆறு மாதத்தில் குறைந்தது 78 நாட்களுக்குச் சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டும்.

புதிதாகச் சேர்ந்தவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். இ.எஸ்.ஐ. பதிவு ஆன நாள் முதலே உங்களுக்கும் குடும்பத்தாருக்கும் மருத்துவம் உண்டு. ஆனால் நோய் விடுப்புக்கான பணம் முதல் ஒன்பது மாதங்களுக்குக் கிடையாது. முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்து நான்காவது மாதம் டெங்கு வந்து படுத்தால், இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் (மருத்துவர் பார்த்து மருந்து தரும் இடம்) மருந்து கிடைக்கும், பணம் கிடைக்காது. அந்த நாட்களுக்கு நிறுவனத்திடம் சம்பள விடுப்பு ஏதாவது உண்டா என்று கேட்பது ஒன்றே வழி. வேறு நிறுவனத்தில் முன்பே இ.எஸ்.ஐ.யில் இருந்தவர்கள் புதிய இடத்தில் அதே பழைய காப்பீட்டு எண்ணைக் கொடுக்க வேண்டும். புதிதாக ஓர் எண் போட்டுக்கொண்டால் நீங்கள் புதியவராகக் கணக்கிடப்பட்டு, பழைய சந்தா பயன்படாமல் போய்விடும்.

3. முதல் நாளே இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போங்கள்

நான் செய்த பெரிய தவறு இதுதான். கண் மஞ்சளாகத் தெரிந்த அன்றே உடுமலைப் பக்கத்தில் உள்ள எங்கள் கிராமத்துக்குப் போய்விட்டேன். அம்மா கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தார். உப்பில்லாப் பத்தியமும் தொடங்கியது. மூன்றாம் நாள் காய்ச்சல் கூடியதால் அங்கேயே ஒரு தனியார் மருத்துவரிடம் காட்டினோம். அவர் முறையாகப் பரிசோதித்து, இரத்தப் பரிசோதனை எடுத்து, தன் முத்திரையுடன் ஓய்வுச் சான்றும் எழுதிக் கொடுத்தார். அந்தச் சான்றை நான் பத்திரமாக வைத்திருந்தேன். ஒன்பது நாட்கள் கழித்து, அக்டோபர் 12ஆம் தேதி கோவைக்கு வந்து இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் காட்டியபோதுதான், அந்த ஒன்பது நாட்களுக்கும் பணம் வராது என்று தெரிந்தது.

நோய் விடுப்புப் பணத்துக்கு அடிப்படை ஆவணம் இ.எஸ்.ஐ. மருத்துவர் தரும் சான்று. அவர் உங்களைப் பரிசோதித்த நாளிலிருந்துதான் சான்று எழுதுவார். பின்தேதியிட்டு எழுத அவருக்கு அதிகாரம் இல்லை, எழுதச் சொல்லிக் கேட்பதும் தவறு. தனியார் மருத்துவரின் சான்றைச் சூழ்நிலையைப் பார்த்து இ.எஸ்.ஐ. அலுவலகம் ஏற்றுக்கொள்ள விதியில் இடம் இருக்கிறது. ஆனால் அது அவர்கள் விருப்பத்தைப் பொறுத்தது, உரிமையாகக் கேட்க முடியாது. நான் விண்ணப்பித்தேன், கிடைக்கவில்லை.

ஆகவே வெளியூரில் நோய் வந்தால் அந்தப் பகுதியில் உள்ள இ.எஸ்.ஐ. மருந்தகத்திலோ இ.எஸ்.ஐ. மருத்துவமனையிலோ அன்றே காட்டுங்கள். பெஹ்சான் அட்டையின் (இ.எஸ்.ஐ. அடையாள அட்டை) அச்சுப் பிரதியும் ஆதார் அட்டையும் கையில் இருந்தால் போதும். நாட்டு மருந்து சாப்பிடுவதும் பத்தியம் இருப்பதும் உங்கள் விருப்பம். ஆனால் சான்று வாங்குவதை அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். எழுந்து நடக்க முடியாத நிலையில் அவசரமாகத் தனியார் மருத்துவமனையில் சேர வேண்டி வந்தால், வீட்டிலிருந்து ஒருவர் அன்றோ மறுநாளோ மருந்தகத்துக்குப் போய்த் தகவல் சொல்லட்டும். அனுமதிச் சீட்டு, பரிசோதனை முடிவுகள், வீடு திரும்பும்போது தரும் சுருக்கம் ஆகியவற்றின் அசலை விடாமல் வாங்கி வையுங்கள்.

மருந்தகத்தில் சான்று எழுதுவதற்குக் கட்டணம் கிடையாது. யாராவது கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

4. சான்றுகளை இடைவெளி விழாமல் வாங்குங்கள்

முதலில் தருவது முதல் சான்று. நோய் தொடர்ந்தால் இடைச் சான்று, வேலைக்குத் திரும்பலாம் என்ற நிலை வந்தால் இறுதிச் சான்று. இரண்டு மூன்று நாட்களில் சரியாகிவிட்டால் முதல் சான்றே இறுதிச் சான்றாகவும் இருக்கும். இடைச் சான்றைப் பொதுவாக ஏழு நாட்களுக்கு மிகாமல் எழுதுவார்கள். அதனால் வாரம் ஒரு முறை மருந்தகத்துக்குப் போக வேண்டியிருக்கும். நீண்ட நாள் ஓய்வு தேவைப்படும் நோய்களுக்கு நான்கு வாரம் வரை ஒரே சான்றாகத் தரும் சிறப்பு இடைச் சான்றும் இருக்கிறது. நடமாடுவது சிரமம் என்றால் மருத்துவரிடம் அதைக் கேட்டுப் பாருங்கள்.

ஒரு சான்று முடியும் நாளுக்கும் அடுத்த சான்று தொடங்கும் நாளுக்கும் நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் அந்த நாளுக்குப் பணம் வராது. ஏழாம் நாள் ஞாயிறாகவோ அரசு விடுமுறையாகவோ இருந்தால் முந்தைய வேலை நாளிலேயே போய்விடுங்கள். ஆயுத பூஜை, தீபாவளி போன்ற விடுமுறைகள் சேர்ந்து வரும் மாதங்களில் இதை நாட்காட்டியில் குறித்து வைப்பது நல்லது.

சான்றைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். காப்பீட்டு எண், பெயர், நோயின் பெயர், தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, மருத்துவரின் கையெழுத்து, முத்திரை ஆகிய எல்லாம் தெளிவாக இருக்க வேண்டும். என்னுடைய இரண்டாம் சான்றில் 19 என்று எழுத வேண்டிய இடத்தில் முதலில் 17 என்று எழுதி, அந்த 7ன் மேலேயே 9 ஆக்கியிருந்தார்கள். பணம் தரும் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் இருந்தவர் அந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மையின் நிறம் இரண்டாக இருப்பதை எனக்குக் காட்டினார். திருத்தத்தின் பக்கத்தில் மருத்துவரின் சுருக்கொப்பம் இல்லாததால் தாள் என்னிடமே திரும்பி வந்தது. அதற்காக மறுபடி மருந்தகத்துக்குப் போய், வரிசையில் நின்று, ஒரு சுருக்கொப்பம் வாங்கிவர ஒரு முழு நாள் போனது. திருத்தம் இருந்தால் அந்த இடத்திலேயே சுருக்கொப்பம் கேட்டு வாங்கிவிடுங்கள்.

ஒவ்வொரு சான்றையும் தந்த மூன்று நாட்களுக்குள் கிளை அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும் கடைசியில் மொத்தமாகக் கொடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தால், தாமதத்தைக் காரணம் காட்டிச் சில நாட்களுக்கான பணத்தை மறுக்க விதி இருக்கிறது. நேரில் போக முடியாதவர்கள் பதிவுத் தபாலில் அனுப்பலாம், வீட்டிலிருந்து ஒருவரிடமும் கொடுத்தனுப்பலாம். கொடுப்பதற்கு முன் நகல் எடுத்துவிடுங்கள்.

இந்த நாட்களில் இன்னும் இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. பணம் பெறும் நாட்களில் வேறு எந்த வேலையும் செய்யக் கூடாது; வீட்டிலிருந்தபடி நிறுவனத்தின் கணக்கைப் பார்த்துக் கொடுப்பதும் வேலைதான். மருத்துவரின் அனுமதி இல்லாமல் சிகிச்சை பெறும் ஊரை விட்டு வெளியூர் போகவும் கூடாது. ஊரில் அம்மா வீட்டில் இருந்தால்தான் கவனித்துக்கொள்ள ஆள் இருக்கும் என்றால், அதை மருத்துவரிடம் சொல்லி அனுமதி பெற்றுப் போங்கள்.

5. நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். சம்பள விடுப்பை எந்த நாளில் வைப்பது என்று நீங்களே சொல்லுங்கள்

இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. எனக்கு 1,680 ரூபாயும் ஒரு மாதக் காத்திருப்பும் போனது இந்த இடத்தில்தான்.

சம்பளத்துடன் கூடிய விடுப்பில் இருக்கும் நாளுக்கு இ.எஸ்.ஐ. பணம் கிடையாது. ஒரே நாளுக்கு இரண்டு இடத்திலும் வாங்க முடியாது. இது நியாயமான விதிதான். என் கணக்கில் நான்கு நாட்கள் சி.எல். (சம்பளத்துடன் கூடிய தற்செயல் விடுப்பு) மீதம் இருந்தது. நிறுவனத்தில் வருகைப் பதிவேட்டைப் பார்ப்பவர், எனக்கு நல்லது செய்வதாக எண்ணி, என்னைக் கேட்காமலேயே அந்த நான்கு நாட்களையும் அக்டோபர் 16 முதல் 19 வரை போட்டுவிட்டார். அந்த நான்கு நாட்களும் இ.எஸ்.ஐ. சான்று உள்ள நாட்கள். அவற்றுக்கு எனக்குத் தினம் 420 ரூபாய் எப்படியும் வந்திருக்கும். அதே நான்கு நாட்களைச் சான்று இல்லாத அக்டோபர் 3 முதல் 11 வரையிலான நாட்களில் வைத்திருந்தால் சி.எல். சம்பளமும் கிடைத்திருக்கும், இ.எஸ்.ஐ. பணமும் முழுதாக வந்திருக்கும்.

அதோடு, நான் விண்ணப்பத்தில் சான்று இருந்த 29 நாட்களுக்கும் கேட்டிருந்தேன். கிளை அலுவலகம் நான் வேலைக்கு வராததை உறுதிப்படுத்தச் சொல்லி நிறுவனத்துக்குப் படிவம் 10ஐ அனுப்பியது. அதில் நான்கு நாட்கள் சம்பள விடுப்பு என்று பதில் போனது. என் விண்ணப்பமும் நிறுவனத்தின் பதிலும் ஒத்துப்போகாததால் மொத்தத் தொகையும் நிறுத்தி வைக்கப்பட்டது.

எனவே முதல் நாளே மேலாளருக்கும் மனிதவளப் பிரிவுக்கும் மின்னஞ்சலிலோ வாட்ஸாப்பிலோ எழுத்து வடிவில் செய்தி அனுப்புங்கள். முதல் சான்றின் படத்தை இணையுங்கள். பின்வரும் பொருளில் ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்: "எனக்கு இ.எஸ்.ஐ. மருத்துவச் சான்று உள்ள நாட்களில் சி.எல்., ஈ.எல். எதையும் கழிக்க வேண்டாம். சான்று இல்லாத நாட்களுக்கும் இ.எஸ்.ஐ. பணம் தராத முதல் இரண்டு நாட்களுக்கும் மட்டும் என் விடுப்பைக் கழிக்கவும்." சம்பளக் கணக்கு முடிக்கும் தேதிக்கு முன், பெரும்பாலும் மாதத்தின் 25ஆம் தேதி வாக்கில், எந்தெந்த நாளுக்கு என்ன போட்டிருக்கிறார்கள் என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சம்பளம் போட்ட பிறகு திருத்துவது எளிதல்ல.

தொழிற்சாலையில் வேலை செய்பவர்களுக்கு 20 நாள் வேலைக்கு ஒரு நாள் என்ற கணக்கில் சேரும் ஈட்டிய விடுப்பு (ஈ.எல்.) இந்த மாதிரி நேரத்தில் மிகவும் உதவும். அதை முழுவதும் பணமாக மாற்றி வாங்கிவிடாமல் நான்கைந்து நாட்களை எப்போதும் மிச்சம் வைத்திருப்பது என்று நான் இப்போது முடிவு செய்திருக்கிறேன்.

6. கிளை அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள்

மருந்தகம் வேறு, கிளை அலுவலகம் வேறு. மருந்தகம் சான்று தரும்; பணம் தருவது கிளை அலுவலகம். உங்கள் மருந்தகம் எந்தக் கிளை அலுவலகத்தின் கீழ் வருகிறது என்று மருந்தகத்திலேயே கேட்டால் சொல்வார்கள். இ.எஸ்.ஐ. இணையதளத்தின் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். நேரில் அலைய முடியாதவர்களுக்கு அது வசதி.

கையில் இருக்க வேண்டியவை இவை:

— படிவம் 9, பணப்பலனுக்கான விண்ணப்பம். கிளை அலுவலகத்தில் இலவசமாகக் கிடைக்கும்.
— மருத்துவச் சான்றுகளின் அசல், தேதி வரிசைப்படி.
— பெஹ்சான் அட்டை, ஆதார் அட்டை ஆகியவற்றின் நகல்.
— வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்க நகல். பெயர், கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு ஆகியவை படிக்கும்படி இருக்க வேண்டும்.
— மருத்துவமனையில் சேர்ந்திருந்தால் வீடு திரும்பும்போது கொடுத்த சுருக்கம்.

வங்கிக் கணக்கில் பல மாதங்களாக வரவு செலவே இல்லை என்றால், விண்ணப்பிப்பதற்கு முன் அது செயல்பாட்டில் இருக்கிறதா என்று வங்கியில் கேட்டுவிடுங்கள். படிவத்தில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று எழுதும்போது, சம்பள விடுப்பாகக் கழிக்கப்பட்ட நாட்கள் ஏதாவது இருந்தால் அவற்றை விட்டுவிட்டு எழுதுங்கள். நான் பட்ட சிக்கல் உங்களுக்கு வராது. கொடுத்த தாள்களுக்கு ஒப்புகை கேட்டு வாங்குங்கள். ஒப்புகைச் சீட்டுத் தரவில்லை என்றால் உங்கள் நகலிலேயே தேதி முத்திரை போட்டுத் தரச் சொல்லுங்கள்.

செலவு என்று பார்த்தால் நகலெடுக்கும் காசும் பேருந்துக் கட்டணமும்தான். அலுவலகங்களின் அருகே படிவம் நிரப்பித் தருவதாகவும் சீக்கிரம் முடித்துத் தருவதாகவும் சொல்லிப் பணம் கேட்பவர்கள் இருப்பார்கள். படிவம் 9ல் நிரப்ப வேண்டியவை உங்கள் பெயர், எண், தேதிகள், வங்கி விவரம் இவ்வளவுதான். இதற்கு யாருக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை. காப்பீட்டு எண்ணையும் கைபேசிக்கு வரும் ஓ.டி.பி.யையும் அவர்களிடம் கொடுக்கவே கூடாது.

7. எவ்வளவு வரும், எப்போது வரும்

உரிய ஆறு மாதச் சந்தாக் காலத்தில் உங்களுக்குக் காட்டப்பட்ட மொத்தச் சம்பளத்தை, காட்டப்பட்ட நாட்களால் வகுத்தால் வருவது சராசரி நாள் சம்பளம். அதில் 70 சதவீதம் உங்களுக்கு ஒரு நாளுக்குக் கிடைக்கும். என்னுடைய ஆறு மாதச் சம்பளம் 1,09,200 ரூபாய், நாட்கள் 182. சராசரி 600, அதில் 70 சதவீதம் 420 ரூபாய். சான்று உள்ள காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் சேர்த்தே இந்தத் தொகை கிடைக்கும்.

ஒவ்வொரு முறை நோய் வரும்போதும் முதல் இரண்டு நாட்களுக்குப் பணம் கிடையாது. அதனால் என் 29 நாட்களில் 27 நாட்களே கணக்கில் வந்தன. சி.எல். போட்ட நான்கு நாட்களும் கழிந்து 23 நாட்களுக்கு 9,660 ரூபாய் வந்தது. ஆனால் முன்பு பணம் பெற்ற நோய் முடிந்து 15 நாட்களுக்குள் மறுபடி படுத்தால், இந்த இரண்டு நாள் கழிவு இரண்டாம் முறை கிடையாது. அவசரப்பட்டு வேலைக்குத் திரும்பி மீண்டும் காய்ச்சலில் விழுந்தவர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்தடுத்து வரும் இரண்டு பலன் காலங்களுக்குச் சேர்த்து அதிகபட்சம் 91 நாட்கள்தான் இந்தப் பணம் கிடைக்கும்.

ஆவணங்கள் எல்லாம் குறையின்றிச் சேர்ந்த ஏழு நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்பது விதி. குறையின்றி என்ற சொல்தான் இங்கே முக்கியம். நான் நவம்பர் 10ஆம் தேதி வேலைக்குத் திரும்பிய அன்றே விண்ணப்பத்தைக் கொடுத்தேன். மேலே சொன்ன முரண்பாட்டால் டிசம்பர் மூன்றாம் வாரத்தில்தான் பணம் வந்தது. அந்த மாத வாடகைக்கும் மளிகைக்கும் கடன் வாங்கித்தான் சமாளித்தேன். ஒரு மாதச் செலவுக்குக் கையில் என்ன இருக்கிறது என்று படுத்த முதல் வாரத்திலேயே கணக்குப் போட்டுவிடுங்கள். நீண்ட நாள் நோயாக இருந்தால் இறுதிச் சான்று வரும் வரை காத்திருக்காமல், கையில் உள்ள சான்றுகளுக்கு அவ்வப்போது விண்ணப்பித்துப் பணம் பெறலாம்.

8. நோய் 91 நாட்களைத் தாண்டினால்

காசநோய், புற்றுநோய் உள்ளிட்ட 34 நீண்ட கால நோய்களுக்கு நீட்டிக்கப்பட்ட பணப்பலன் இருக்கிறது. அதில் சராசரி நாள் சம்பளத்தில் 80 சதவீதம் கிடைக்கும். இரண்டு ஆண்டுகள் வரை நீளலாம். இதற்கு இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து இ.எஸ்.ஐ. வேலையில் இருந்திருக்க வேண்டும், நான்கு சந்தாக் காலங்களில் மொத்தம் 156 நாட்களுக்குச் சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டும். உங்கள் நோய் அந்தப் பட்டியலில் உள்ளதா என்று மருந்தக மருத்துவரிடம் தொடக்கத்திலேயே கேளுங்கள். சான்றில் நோயின் பெயரைப் பொதுவாக எழுதிவிட்டால் பிறகு இந்தப் பலனுக்கு மாற்றும்போது கேள்வி வரும்.

நீண்ட நாள் விடுப்பில் இருப்பவர்களை மருத்துவ நடுவர் (சான்றைச் சரிபார்க்க மறுபடி பரிசோதிக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவர்) முன்பு வரச் சொல்லிக் கடிதம் வரலாம். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அலட்சியப்படுத்தவும் வேண்டாம். போகாவிட்டால் பணத்தை நிறுத்திவிடுவார்கள். எல்லாப் பரிசோதனை முடிவுகளையும் எடுத்துக்கொண்டு குறித்த நாளில் போங்கள்.

9. வேலையில் ஏற்பட்ட காயம் என்றால் வேறு வழி

இயந்திரத்தில் விரல் சிக்கியது, ஏற்றிய பாரம் காலில் விழுந்தது போன்றவற்றை நோய் விடுப்பாகப் பதிய விடாதீர்கள். வேலைக் காயத்துக்குச் சராசரி நாள் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். 78 நாள் நிபந்தனையும் கிடையாது. சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. விபத்து நாளைத் தவிர்த்து மூன்று நாட்களாவது வேலை செய்ய முடியாத நிலை இருந்தால் போதும், முதல் நாளிலிருந்தே கணக்கு வரும். இதற்கு நிறுவனத்தின் விபத்துப் பதிவேட்டில் அன்றே எழுதியிருக்க வேண்டும், நிறுவனம் இ.எஸ்.ஐ.க்கு விபத்து அறிக்கையும் அனுப்ப வேண்டும். வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடந்த விபத்தும், வேலையோடு தொடர்பு இருப்பது உறுதியானால், இதில் சேரும். "காய்ச்சல் என்று போட்டுக்கொள், மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறோம்" என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். 70க்கும் 90க்கும் உள்ள வித்தியாசம் மட்டுமன்றி, பிற்காலத்தில் நிரந்தர ஊனத்துக்கான ஓய்வூதியம் கேட்கும் உரிமையும் இந்த ஒரு பதிவில்தான் இருக்கிறது.

10. பணம் வராவிட்டால்

முதலில் கிளை அலுவலக மேலாளரை நேரில் பாருங்கள். எந்தக் காரணத்தால் நிற்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் நிறுவனத்தின் பதில் வராததோ, பெயரில் வேறுபாடோ, வங்கி விவரத்தில் பிழையோதான் காரணமாக இருக்கும். நிறுவனம் சந்தா கட்டவில்லை என்று சொன்னால், பிடித்தம் காட்டும் சம்பளச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு போய் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். கட்டாத சந்தாவை நிறுவனத்திடம் வசூலிப்பது இ.எஸ்.ஐ. நிர்வாகத்தின் வேலை. 1800-11-2526 என்ற கட்டணமில்லா எண்ணில் நிலவரம் கேட்கலாம். அதிலும் தீரவில்லை என்றால் மத்திய அரசின் சி.பி.கிராம்ஸ் குறைதீர் இணையதளத்தில் பதியலாம். என் விண்ணப்பம் நகர்ந்தது, நிறுவனத்திடமிருந்து "அந்த நான்கு நாட்களுக்கு மட்டும் சம்பள விடுப்பு, மீதி நாட்களுக்குச் சம்பளம் வழங்கப்படவில்லை" என்று ஒரு கடிதம் வாங்கிப்போய்க் கொடுத்த பிறகுதான். அந்தக் கடிதத்தை நான் முதல் வாரமே கேட்டிருக்கலாம்.

நோய்க்காலப் பணம் பெறும் நாட்களில் உங்களை வேலையிலிருந்து நீக்கவோ தண்டிக்கவோ நிறுவனத்துக்குச் சட்டத்தில் இடம் இல்லை. அப்படிக் கடிதம் வந்தால் கையெழுத்திடுவதற்கு முன் தொழிற்சங்கத்தையோ தொழிலாளர் துறை அலுவலகத்தையோ அணுகுங்கள். "நானாகவே விலகுகிறேன்" என்ற தாளில் மட்டும் எந்தச் சூழ்நிலையிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

11. வேலைக்குத் திரும்பிய பிறகு

இறுதிச் சான்றின் நகலை நிறுவனத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். அடுத்த மாதச் சம்பளச் சீட்டில் திரும்பி வந்த நாள் முதல் சம்பளம் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். எனக்கு நவம்பர் 10ஆம் தேதியையும் எல்.ஓ.பி.யில் சேர்த்திருந்தார்கள், கேட்ட பிறகு டிசம்பரில் சரி செய்தார்கள்.

கடைசியாக, சம்பளம் இல்லாத நாட்களுக்குச் சந்தா இல்லை என்பதால் நீங்கள் படுத்திருந்த நாட்கள் அடுத்த பலன் காலத்துக்கான 78 நாள் கணக்கில் சேராது. இரண்டு மூன்று மாதங்கள் விடுப்பில் இருந்தவர்கள், நடப்புச் சந்தாக் காலம் முடிவதற்குள் எத்தனை நாட்கள் சேர்ந்திருக்கின்றன என்று உமங் செயலியில் எண்ணிப் பார்த்து, 78க்குக் குறைந்தால் அந்தக் காலத்தில் எடுக்க நினைத்த சம்பளமில்லா விடுப்புகளைத் தள்ளிவையுங்கள்.